மாப்பிள்ளைக்கு வந்த நோயும் நீ போட்ட போனும்

மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், தெரியும், இந்த முறை கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பெற்றவள் கொட்டகைக்கு நெருப்பு வைக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே. உன் அப்பாவும் நலம், அவருக்கு எப்போதும் நலம்தான், வீடு இடிந்து விழுந்தாலும் ரேடியோவை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பார். நான்தான் நலமில்லை. ஆடுகளுக்குச் சேர்க்க நல்ல பொலிகிடா வேண்டுமென்று யார் கேட்டாலும் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க நம் பட்டியைத்தான் கை காட்டும், அந்தப் பட்டி இன்று கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு கிடாகூட இல்லை. எல்லாம் நீ போட்ட ஒரு போன். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், கடைசியில் யார் முதலில் வைத்தார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதும் படி, பாதியில் தூக்கிப் போடாதே. உன் சித்தி விஷயமும் இதில் இருக்கிறது. என் கூடப்பிறந்த ஒரே தங்கை, அவளும் நானும் பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம், அது உனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கும் சேர்த்து நீ உலை வைத்தாய், அது உனக்குத் தெரியாது.

முதலில் அந்தப் போட்டோ. நான் அதை எதற்கு அனுப்பினேன் என்று கொஞ்சம் யோசித்துப் பார். குட்டிகளுக்கு உதட்டில் புண் வந்து, பொருக்குத் தட்டி, தாயிடம் பால் குடிக்க முடியாமல் கத்திக்கொண்டிருந்தன, நான் வெறுங்கையால் மருந்து தடவினேன், கொஞ்ச நாளில் என் கட்டைவிரலிலும் ஒரு கொப்புளம் கிளம்பி நடுவில் கறுத்துப் பார்க்கவே சகிக்காமல் ஆகிவிட்டது. பெண் மாட்டு டாக்டருக்குப் படித்து, அதற்கு மேலும் என்னென்னமோ படித்து, அங்கே வைரஸ் ஆராய்ச்சி செய்கிறாளே, அவளிடம் காட்டினால் என்ன என்று தோன்றியது. இடது கையில் போனைப் பிடித்து, வலது விரலை நீட்டி, ஆடாமல் அசையாமல் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பின்னால் மாப்பிள்ளை நின்றது எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு வரப்போகும் ஒரே மாப்பிள்ளை இவன்தான் என்று சொல்லி நீயே பேர் வைத்த பெரிய கிடா, அதுவும் அன்றைக்கென்று பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். உன் பதில் வந்தது, "அம்மா, பின்னாடி நிக்கிற கிடாவுக்கு விதை ஒரு பக்கம் மட்டும் பெருசா இருக்கே, எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று. பெற்றவள் விரலை நீட்டினால் கிடாவின் விதையைப் பார்க்கிற பெண்ணை நான் பெற்று வைத்திருக்கிறேன். விரலுக்கு ஒரே வரிதான் எழுதினாய், அது ஆட்டிலிருந்து ஒட்டுகிற வைரஸ், தானாக ஆறிவிடும், கையுறை போடு என்று. ஆறிவிட்டது. நீ திரும்பக் கேட்கவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நீ விட்டாயா? அவனுக்கும் உதட்டில் புண் இருந்தது, குறியின் உறை ஓரத்திலும் பொருக்கு இருந்தது, வாய் வலியில் தீவனம் தின்னவில்லை, தின்னாத கிடா எப்படி ஏறும், அதனால்தான் இந்தப் பருவத்தில் நிறைய ஆடுகள் சினை பிடிக்கவில்லை, எல்லாம் ஒரே வைரஸ்தான் என்று நான் விளக்கமாகச் சொன்னேன். நீ வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி போட்டாய். வைரஸ் வந்தால் விதை வீங்காது அம்மா, ரத்தம் எடுத்துப் பார்க்கணும் அம்மா, அவனை எங்கேயும் அனுப்பாதே அம்மா என்று விடிந்தால் ஒன்று, பொழுது போனால் ஒன்று. உன் வேலையைப் பார் என்று ஒரு நாள் எழுதிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன், எழுதத்தான் எழுதினேன். நீ அடங்கிவிட்டாய். பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே, "அவ அடங்குனா நல்லதுக்கில்ல" என்றார். அவர் பேச்சை எப்போது நான் காதில் வாங்கியிருக்கிறேன்.

அந்த வாரமே வந்து நின்றது வெள்ளை வேன். கால்நடை நோய் ஆய்வு ஆபீஸ் என்று கதவில் பெரிய எழுத்து, சாலையில் போகிறவன்கூட நின்று படிக்கிற மாதிரி. உள்ளேயிருந்து ஒரு டாக்டரம்மா இறங்கினார், உன் வயசுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ், கையுறை, கூட இரண்டு ஆட்கள். தகவல் வந்திருக்கிறது, கிடாக்களைப் பார்க்க வேண்டும் என்றார். யார் சொன்னது என்றேன், "அதெல்லாம் நாங்க சொல்றதில்லம்மா" என்றார். சொல்லவே வேண்டாம், நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. முதல் ஆள் யார், நம் கண்ணாடிக்காரர்தான், அடுத்த பட்டிக்காரர், மாப்பிள்ளையைத் தன் ஆடுகளுக்குச் சேர்க்க இரவல் வாங்கிப் போனவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார்.

டாக்டரம்மா மாப்பிள்ளைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு விதையையும் இரண்டு கையில் ஏந்தி, சந்தையில் காய் பொறுக்குகிற மாதிரி அமுக்கிப் பார்த்தார். விதைக்கு அடியில் வால் மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், விந்து சேர்ந்து நிற்கிற இடம், அது ரப்பர் மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கென்ன தெரியாதா, கிடா வாங்கும்போது நான் அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதே இல்லை. வாங்கின பிறகு யார் தினமும் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அவர் என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். இடது பக்கம் கல். நான் கையை எடுத்துவிட்டேன். "இது ரெண்டு தனி நோய்ம்மா. உதட்டுலயும் உறையிலயும் இருக்கறது வைரஸா இருக்கும், அது ஆறிடும். விதையில இருக்கறது வேற கிருமி மாதிரி தெரியுது, சேர்க்கையில பரவுறது, பால்வினை நோய். முன்னால இருந்தது பின்னால இருந்ததை மறைச்சிடுச்சு" என்றார். மெதுவாகச் சொல்லக் கூடாதா? வேலியில் இருந்த அத்தனை பேர் காதிலும் அந்த வார்த்தை விழுந்தது, ஆட்டுக்கு வந்தால் என்ன, மனுஷனுக்கு வந்தால் என்ன, அந்த வார்த்தைக்கு ஒரு வாடை இருக்கிறது, என் மானம் அப்போதே கப்பலேறிவிட்டது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, "மாப்பிள்ளை நடத்தை சரியில்லன்னு எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். கண்ணாடிக்காரர் சிரிக்கிறார். என் வயிறு எரிகிறது, இவருக்கு நகைச்சுவை.

பிறகுதான் டாக்டரம்மா கொட்டகைக்குள் போனார். உனக்குத் தெரியும், இணை சேர்க்கிற பருவம் முடிந்தால் கிடாக்களை எல்லாம் ஒரே கொட்டகையில் அடைத்துவிடுவேன், ஆண்கள் விடுதி என்று உன் அப்பா சொல்வாரே, அதுதான். மாப்பிள்ளை நெஞ்சில் கட்டியிருந்த சாயப்பட்டையை இந்தத் தடவை நான் கழற்றவில்லை. எந்த ஆட்டின்மேல் ஏறினான் என்று தெரிவதற்காகக் கட்டுகிற நீலச் சாயம், பருவம் முடிந்ததும் கழற்ற வேண்டும், முதுகு வலி, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன். கொட்டகையில் இருந்த இளங்கிடாக்கள் எல்லாவற்றுக்கும் பின்முதுகில் நீலம். நான் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆடு இல்லாவிட்டால் கிடா கிடாமேலேயே ஏறும், அது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொரு நீலத்துக்கும் பக்கத்தில் நின்று, ஒருவன்மேல் இருந்து ஒருவனுக்கு இப்படித்தான் போகும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ரத்தமும் விந்தும் எடுத்தார், பொருக்கையும் சுரண்டி எடுத்துக்கொண்டார். என் சாயம் என்னையே காட்டிக்கொடுத்தது போதாதென்று பெற்ற பெண்ணும் காட்டிக்கொடுத்தாளே என்றுதான் அப்போது நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்தக் கிடாக்கள் எங்கெல்லாம் போயின என்று கேட்டார். கண்ணாடிக்காரர் பட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டி, செங்கல் சூளைக்காரர் வைத்திருக்கிற சின்ன மந்தை, எல்லாம் சொன்னேன். வேறு எங்கும் இல்லையே என்றார். இல்லை என்றேன். பொய். வேலியில் நின்றவர்கள் யார் இவர்களைக் கூப்பிட்டது என்று முணுமுணுத்தார்கள், நான்தான் கூப்பிட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். அதுவும் பொய். பெற்ற மகளே மாட்டிவிட்டாள் என்று ஊர் பேசுவதைவிட அது மேல். அன்று ஒரு நாளில் நான் சொன்ன பொய் இதுவரை சொன்னதுக்கெல்லாம் சமம், அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

முடிவு வந்தது. பொருக்கில் வைரஸ், ரத்தத்திலும் விந்திலும் அந்த இன்னொரு கிருமி, மாப்பிள்ளைக்கும் கொட்டகையில் இருந்த ஏறக்குறைய எல்லாவற்றுக்கும். பெண் ஆடுகளைக் கிடா சேர்க்காமல் வைத்திருந்தால் அவற்றுக்குத் தானாகப் போய்விடுமாம், கிடாக்களுக்கு மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை, வெட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். தப்பித்த ஒன்றிரண்டை நம்பிப் புதிதாக எதையும் ஆரம்பிக்க மனசு வரவில்லை, அவற்றையும் கண்ணாடிக்காரரிடம் ஓட்டிவிட்டேன், அவர் தனியாகக் கட்டி வைத்து மறுபடி சோதித்துவிட்டுத்தான் சேர்ப்பார். மாப்பிள்ளை வேனில் ஏற மறுக்கவில்லை. எங்கோ சேர்க்கைக்குப் போகிறோம் என்று நினைத்துத் தானாகவே ஓடி ஏறினான். நான் உள்ளே போய்விட்டேன். உன் அப்பா கடைசி வரை நின்றார், அன்று முழுக்க ரேடியோ வைக்கவில்லை.

இதில் எனக்குத் தாங்காதது எது தெரியுமா, ஊர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கண்ணாடிக்காரர் வீட்டுக்கே வந்து, "உங்க இடத்துல வேற யாராவது இருந்தா மூடி மறைச்சிருப்பாங்க, நீங்களே ஆபீசுக்குச் சொன்னீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கும் இந்தப் பருவத்தில் பாதி ஆடு சினையில்லை, அவர் கும்பிடுகிறார். கடையில், பஸ் நிறுத்தத்தில், யாரைப் பார்த்தாலும் இதே பாட்டு. ஒவ்வொரு புகழ்ச்சியும் கன்னத்தில் அறைகிற மாதிரி விழுகிறது, நானும் அடக்கமாகச் சிரித்து வைக்கிறேன். இந்த நாடகம் ஆட வைத்தவள் நீ.

இனி சித்தி. எங்கள் அம்மா கடைசியில் படுத்திருந்தபோது யார் அதிகம் பார்த்துக்கொண்டது என்ற பேச்சில் நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, அத்தோடு அறுந்துபோனது. போன வருஷம் அவளுடைய கிடா செத்துப்போனது என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் சொல்லாமல், உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல், மாப்பிள்ளையின் மகன்களில் நல்லவனாக ஒருவனைப் பொறுக்கி வண்டியில் ஏற்றி ரயில் பாதை தாண்டி அவள் வாசலில் கொண்டுபோய்க் கட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள், "தண்ணி குடிச்சானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டோம். அதற்குப் பிறகு கிடா எப்படி இருக்கிறான் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனேன். கிடாவைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், நான் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்தக் கிடாவும் அதே கொட்டகையிலிருந்து போனவன்தான், நீலம் இல்லாவிட்டாலும் மாப்பிள்ளை அவன்மேலும் ஏறியிருக்கலாம். வெள்ளை வேன் அவள் வாசலில் போய் நின்று, உங்க அக்கா கொடுத்த கிடா உங்க ஆடுகளைக் கெடுத்திருச்சும்மா என்று அந்த டாக்டரம்மா சொன்னால் என்ன ஆகும்? அதனால்தான் இல்லை என்று சொன்னேன். ஒரு கிடாதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் கண்ணாடிக்காரர் கும்பிட்ட கும்பிடு இருக்கிறதே, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பக்கத்திலும் பட்டிகள் இருக்கின்றன, யாராவது அவனைக் கேட்டு வாங்கிப்போனால் அங்கேயும் இதே கதைதான்.

போன வாரம் போனேன். சொல்லிவிட வேண்டும், சொன்னால் அவள் கதவைச் சாத்துவாள், சாத்தட்டும் என்று வழியெல்லாம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போனேன். கொட்டகையில் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன், நோய், வேன், நான் சொன்ன பொய், எல்லாம். அவள் தொட்டியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்க்கா" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஆடுகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்துகொண்டே இருந்தன, ஒன்றுக்கும் சினை தங்கவில்லை, மழைக்கு முன்னாலேயே அவனைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு பக்கம் வீங்கியிருந்தது, யாருக்கும் கொடுக்காமல் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன் என்றாள். பிறகு ஏண்டி சொல்லவில்லை என்று கத்தினேன், உண்மையாகவே கத்தினேன், ஒரு வருஷக் குட்டிகள் போச்சே என்று கத்தினேன். அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "சொன்னா கிடாவை ஓட்டிட்டுப் போயிடுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை எதுக்கு வருவ?" என்றாள்.

அன்றைக்கே அவள் போனிலிருந்து அந்த டாக்டரம்மாவுக்கு நானே பேசினேன். ஒன்றை மறைத்துவிட்டேன், வந்து பாருங்கள் என்றேன். அவர் திட்டவில்லை, வந்தார், பார்த்தார், கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு வந்தது. குளித்துப் புடவை மாற்றிவிட்டு நெடுநேரம் வாசலில் நின்றேன், போய்ப் பார்ப்பதற்கு அங்கே கிடா இல்லை, என்ன சொல்லிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. உன் அப்பா வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். போனேன். எதற்கு வந்தாய் என்று அவள் கேட்கவில்லை.

நீ செய்தது சரி என்று டாக்டரம்மா சொல்கிறார், உன் அப்பா சொல்கிறார், சித்திகூடச் சொல்கிறாள், எல்லோருமாகச் சேர்ந்து உனக்கு மாலை போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஆபீசுக்குச் சொல்லப் போகிறேன் அம்மா என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? வேன் வந்துபோன பிறகாவது ஒரு போன் போட்டிருக்கலாமே, இன்றுவரை இல்லை. சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்று நீ கேட்பாய். கேட்டிருக்க மாட்டேன். தடுத்திருப்பேன், வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன், மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்திருப்பேன். இருந்தாலும் நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கோபம் இன்னும் தீரவில்லை, திட்டுவதற்குப் பாக்கி நிறைய இருக்கிறது, லீவு எடுத்து நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ. முன்பு சொன்னாயே, அந்தப் பல் வலியை இழுத்தடிக்காமல் டாக்டரிடம் காட்டு, அடுத்தவர் உடம்பைப் பார்க்கத் தெரிகிறது, தன் உடம்பு தெரியவில்லை. ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு, இதையும் நான் கோபமாகத்தான் எழுதுகிறேன், இருந்தாலும் பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதே, சித்தி வீட்டில் இருப்பேன். மற்ற எந்த நாளானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
நீ கூப்பிட்டதும் முதலில் கத்தப்போகிற
அம்மா